மெஸ்ஸியை நம்பினவன் முதல் சுற்றிலேயே அவுட்! கீரிப்பாறையில் பந்தயம் கட்டுகிறவர்கள் கவனிக்க

கீரிப்பாறை என்றால் ரப்பர். நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் தாண்டிப் போனால் மலையடிவாரம் முழுக்க வரிசை வரிசையாக மரம். 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தோட்டமும் அங்கே உண்டு. விடியுமுன்னே எழுந்து, தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிறவர்கள் வாழ்கிற ஊர்.

உலகக் கோப்பை கால்பந்து வந்துவிட்டால் அங்கே இரண்டு தொல்லை. ஆட்டம் ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு. கத்தியை எடுக்க வேண்டியது விடியுமுன். அது ஒரு தொல்லை. இன்னொன்று, சாயாக்கடை பெஞ்சில் சிநேகிதர்கள் கட்டுகிற பந்தயம்!

குமரி மாவட்டத்துக்குக் கால்பந்து புதிசா என்ன? தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை என்று மேற்குக் கடற்கரை நெடுக மணலில் பந்து உருளுகிறது. இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். வரை போய் ஆடினார். பக்கத்துக் கேரளத்தைக் கேட்கவே வேண்டாம். 2022-இல் கோழிக்கோடு புல்லாவூர் ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கு 30 அடி கட்-அவுட் வைத்தார்கள். அதைப் பார்த்துப் பொறுக்காதவர்கள் நெய்மாருக்கு 40 அடியில் வைத்தார்கள்! அந்த ஜுரம் மலையேற எத்தனை நேரம் ஆகும்?

"கோப்பை யாருக்கு?" என்று கட்டுகிற பந்தயம் எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிட ருசியான ஒன்று உண்டு. வெளிநாட்டில் 'சர்வைவர் பூல்' என்கிறார்கள். தமிழில் 'கடைசி ஆள்' பந்தயம் என்று வைத்துக்கொள்ளலாம். விதி சின்னது. ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரே ஒரு அணியின் பெயரைச் சொல்ல வேண்டும். அது ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம். தோற்றாலோ டிரா ஆனாலோ ஆள் காலி. ஒரு தடவை சொன்ன அணியை மறுபடி சொல்லக்கூடாது. கடைசியில் மிஞ்சி நிற்கிறவனுக்குப் பரிசு.

கேட்க எளிசு. ஆடினால் தெரியும் சங்கதி!

"லேய், சவூதியாவது மண்ணாவது!"

2022 நவம்பர் 22. பிற்பகல் மூன்றரை மணி. அர்ஜென்டினாவுக்கு எதிரே சவூதி அரேபியா. அர்ஜென்டினா அதுவரை 36 ஆட்டமாகத் தோற்காத அணி. பத்துப் பேர் ஆடுகிற பந்தயத்தில் ஏழு பேராவது கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பார்கள். "லேய் மக்கா, மெஸ்ஸி இருக்கும்போ சவூதியாவது மண்ணாவது!"

முடிவு? சவூதி 2, அர்ஜென்டினா 1. ஏழு பேரும் ஒரே மத்தியானத்தில் அவுட்!

மறுநாள் ஜெர்மனி ஜப்பானிடம் அதே 2-1 கணக்கில் விழுந்தது. முந்தின நாள் இங்கிலாந்தைச் சொன்னவனோ (ஈரானை 6-2) நிம்மதியாகச் சாயா குடித்தான். அவனும் கூட்டத்தோடு சேர்ந்து அர்ஜென்டினா சொல்லி, அதுவும் ஜெயித்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பத்துப் பேரில் ஒருத்தனாகவே நின்றிருப்பான். தனியாக நின்றதால் மூன்று பேரில் ஒருத்தன் ஆனான். இரண்டு அணிக்கும் பலம் ஏறக்குறைய சமம் என்றால், கூட்டம் சொல்லாத அணியைச் சொல்லுவதே கெட்டிக்காரத்தனம். அதற்காகக் கோஸ்டாரிகாவைச் சொல்லிவிடக்கூடாது. ஸ்பெயினிடம் 7-0 வாங்கிய அணி அது!

மூன்றாவது ஆட்டம் ஒரு குழி

இரண்டு ஆட்டம் ஜெயித்த பெரிய அணிக்கு மூன்றாவது ஆட்டம் சம்பிரதாயம். முன்னணி ஆட்களை உட்கார வைத்துவிடுவார்கள். பிரான்ஸ் அப்படித்தான் செய்தது. எம்பாப்பே பெஞ்சில் இருந்து பின் பாதியில்தான் இறங்கினார். துனிசியா 1-0 என்று ஜெயித்தது. போர்ச்சுகலை தென் கொரியா கவிழ்த்தது. பிரேசிலைக் கேமரூன் கவிழ்த்தது. 92-வது நிமிஷத்தில் கோல் போட்ட அபூபக்கர் சந்தோஷத்தில் சட்டையைக் கழற்றி, ரெட் கார்டும் வாங்கிக்கொண்டு சிரித்தபடியே வெளியே போனார்! நம் ஊர்க் கணக்கில் அப்போது ராத்திரி இரண்டு மணிக்கு மேல். அதைக் கண்ணால் பார்த்தவன் மறுநாள் எப்படிப் பால் வெட்டியிருப்பானோ!

அதே சுற்றில் நெதர்லாந்து நிலைமை வேறு. தோற்றால் ஆபத்து. எதிரே நின்ற கத்தாரோ இரண்டு ஆட்டமும் தோற்று, ஏற்கெனவே மூட்டை கட்டிய அணி. 2-0. பலசாலி யார் என்று பார்ப்பதோடு, வெற்றி யாருக்குத் தேவை என்றும் மூன்றாம் சுற்றில் பார்க்க வேண்டும்.

மொராக்கோ சொன்னவன்தான் ஆண்பிள்ளை

இனிமேல்தான் கணக்கு கெட்டியாகிறது. பத்து தடவை ஆடினால் ஏழு தடவை ஜெயிக்கிற அணியாகவே பொறுக்கி எடுத்தாலும், ஏழு சுற்று தாண்டுகிறவன் பத்துப் பேரில் முழுசாய் ஒருத்தன்கூடத் தேறமாட்டான். போதாக்குறைக்குச் சொன்ன அணியைத் திரும்பச் சொல்ல முடியாது. போகப் போக அணிகளும் குறையும்.

2022-இல் ஏழு சுற்றும் தாண்டி நிற்க என்ன வழி இருந்தது? கடைசி ஆட்டத்தில் ஜெயித்தது அர்ஜென்டினா. ஆகவே அதை அதுவரை தொடாமல் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அரை இறுதியில் ஜெயித்தவை அர்ஜென்டினாவும் பிரான்சும். அங்கே பிரான்சைத்தான் செலவழிக்க முடியும். அப்படியானால் கால் இறுதியில் இந்த இரண்டையும் சொல்லக்கூடாது. மிச்சம்? போர்ச்சுகலுக்கு எதிராக மொராக்கோ, இல்லையென்றால் பிரேசிலுக்கு எதிராகக் குரோஷியா!

எவனுக்கு வரும் அந்தத் தைரியம்? ஆனால் மொராக்கோ அதுவரை வாங்கியது ஒரே ஒரு கோல். அதுவும் தன் ஆளே தன் வலைக்குள் தட்டிவிட்டது. பேப்பரை ஒழுங்காகப் படித்தவனுக்கு அது தெரிந்திருக்கும். டிசம்பர் 10-இல் போர்ச்சுகல் 1-0 கணக்கில் வீட்டுக்குப் போனது.

ஆக, கோப்பை வாங்கும் என்று தோன்றுகிற அணியை முதலிலேயே கரைத்துவிடக்கூடாது. பலம் இருந்தும் பாதி வழியில் திரும்புகிற ஸ்பெயின், இங்கிலாந்து, நெதர்லாந்து, போர்ச்சுகல் மாதிரி அணிகளை முதல் நாலு சுற்றில் செலவழித்துவிட வேண்டும். ரப்பர் மரத்தில் முதல் நாளே ஆழமாக வெட்டினால் பிறகு என்ன ஆகும் என்று கீரிப்பாறைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லையே!

மனசுக்குப் பிடித்த அணி வேறு, பந்தயத்தில் சொல்லுகிற அணி வேறு. நெய்மார் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறவன் கேமரூன் ஆட்டத்தன்று பிரேசில் பெயரைச் சொல்லியே தீருவேன் என்றால், மாட்டிய படம் வந்து காப்பாற்றாது.

2026 உலகக் கோப்பையில் இருந்து அணிகள் 48. கோஷ்டி 12. மூன்றாம் இடத்து அணிகளிலும் எட்டுக்கு வழி விட்டிருக்கிறார்கள். சுற்று ஏழுக்குப் பதில் எட்டு. முதல் இரண்டு ஆட்டத்திலேயே வேலை முடிந்து, மூன்றாவதில் ஆளை உட்கார வைக்கிற அணிகள் கூடத்தான் செய்யும்.

பணம் வேண்டாம், குலை வையுங்கள்

பத்துப் பேர் ஆளுக்கு 500 போட்டால் 5,000 ரூபாய். நல்ல தொகைதான். ஆனால் அது நாள் கூலிக்காரன் வீட்டு அரிசிக் காசு. பணம் விழுந்த இடத்தில் தகராறும் விழும். "பெனால்டியில ஜெயிச்சா அது ஜெயிப்பா, டிராவா?" என்று ஒருத்தன் கிளப்பினால் போதும். 2022-இல் ஐந்து ஆட்டம் பெனால்டியில்தான் முடிந்தது. இறுதி ஆட்டமே 3-3 ஆகி, பெனால்டியில் 4-2! எழுதி வைக்காத பந்தயத்தில் அன்றைக்கு மண்டை உடைந்திருக்கும்.

சட்டமும் சும்மா இல்லை. இடம் கொடுத்து லாபம் பார்க்கிற கடைக்காரரைக் கேள்வி கேட்க 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இருக்கிறது. செல்போனில் பணம் கட்டி ஆடுகிற ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் பாராளுமன்றமே தடை போட்டது.

பரிசாக ஒரு குலை மட்டிப்பழம் வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? விதிகளை ஒரு தாளில் எழுதி, பத்துப் பேரும் கையெழுத்துப் போட்டு, சாயாக்கடைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். முதல் ஆட்டம் தொடங்குமுன் பெயரைச் சொல்லிவிட வேண்டும். "நான் மனசுக்குள்ள நெதர்லாந்துதாம்லே நெனச்சேன்" என்பதெல்லாம் செல்லாது. கடைசியில் நின்ற எல்லோரும் ஒரே ராத்திரியில் விழுந்தால், அந்தச் சுற்று வரை வந்தவர்களுக்குக் குலையைச் சீப்புச் சீப்பாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். காம்பு, முதல் சுற்றில் அவுட்டானவனுக்கு!