செல்லினி கோப்பையும் வவுச்சர் கட்டும்

ராத்திரி எட்டு மணி வரை ஆபீசில் உட்கார்ந்து நீங்கள் தயாரித்த ரிப்போர்ட், மேனேஜர் கையெழுத்தோடு மேலே போயிருக்கிறதா? அப்படியானால் ரைன்ஹோல்ட் வாஸ்டர்ஸ் உங்களுக்குச் சொந்தக்காரர்.

ஜெர்மனியில் ஆஹன் நகரத்துப் பொற்கொல்லர். 1827-ல் பிறந்து 1909-ல் காலமானவர். ஊர் கதீட்ரலின் பழைய பொக்கிஷங்களைப் பழுது பார்த்துப் பார்த்தே, பழைய ஆசாமிகளின் கைவாகு இவருக்கு வந்துவிட்டது. சர்ச்சுக்குச் செய்த வெள்ளிச் சாமான்களில் ஒழுங்காகத் தன் முத்திரையைக் குத்தினார். தங்கமும் எனாமலுமாகப் பதினாறாம் நூற்றாண்டு பாணியில் இழைத்தவை வேறு ரூட்டில் போயின. வியாபாரிகள் கைமாறி, முந்நூறு வயது கூடி, 'ஒரிஜினல்' என்று பெரிய பெரிய மியூசியங்களில் உட்கார்ந்துகொண்டன.

நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் ஒரு தங்கக் கோப்பை. (படத்தில்தான் பார்த்தேன். நேரில் போய்வர எடிட்டர் டிக்கெட் எடுத்துத் தரமாட்டார்.) ஆமை முதுகில் டிராகன், டிராகன் தலையில் சிப்பி, சிப்பி விளிம்பில் பெண்முகத்தோடு ஒரு விநோதப் பிராணி. 1913-ல் ஒரு கோடீஸ்வரரின் உயில் மூலம் வந்தது. செய்தவர்? இத்தாலிய மேதை பென்வெனுட்டோ செல்லினி என்றார்கள். ஜனங்கள் வாய் பிளந்தார்கள்.

நான் பி.காம். ஆகவே அடுத்த விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாஸ்டர்ஸ் வைத்திருந்த டிராயிங்குகள், ஆயிரத்துக்கும் மேல், 1919-லிருந்தே லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் பத்திரமாக இருந்தன. அத்தனையும் பக்கா வவுச்சர்! கிட்டத்தட்ட அறுபது வருஷம் யாரும் டாலி பண்ணவில்லை. 1979-ல்தான் ஒரு ஆய்வாளர் அந்தக் கட்டை வைத்துக் கட்டுரை எழுதினார். 1986-ல் இன்னொருவர், செல்லினி கோப்பையும் வாஸ்டர்ஸ் கைவரிசைதான் என்று எழுத, மியூசியங்களுக்கு வயிற்றைக் கலக்கியது.

கோப்பையை உருக்கிவிட்டார்களா? இல்லை. மியூசியத்திலேயேதான் இருக்கிறது. அதே ஆமை, அதே டிராகன். மாறியது லேபிள் மட்டும். அப்படியானால் எழுபது வருஷமாக வாய் பிளந்தது எதற்கு? தங்க வேலைக்கா, பக்கத்திலிருந்த அட்டைக்கா?

போலியை அசல் என்று விற்றது தப்புத்தான், சந்தேகமில்லை. ஆனால் செல்லினி என்று நிபுணர்களே நம்புகிற அளவுக்கு ஒரு வேலை இருந்தால், செய்தவன் சாமானியனா?

நம் ரிப்போர்ட்டில் மேனேஜர் பெயர் இருந்தால் எரிகிறது. செல்லினி பெயர் இருந்தால் கோபப்படுவதா, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வதா?

எதற்கும் டிராயிங்குகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.