மூக்கைத் தூக்கினா போதுமா?

அமெரிக்காவுல புதுசா வாங்குற பிக்கப் டிரக் பெரும்பாலும் முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் கொஞ்சம் தூக்கலா நிற்கும். பார்க்க நல்லா இல்லைன்னு முன்னாடி ஸ்ட்ரட் மேல ஸ்பேசர் வெச்சு மட்டம் பண்ணிடறாங்க. என்னைக் கேட்டா, அந்தச் சரிவு குறையே இல்ல. பின்னாடி லோடு ஏறினதும் வண்டி மட்டத்துக்கு வரணும்னு கணக்குப் போட்டு வெச்சது.

ஸ்பேசர்ல ஒரு வேடிக்கை உண்டு. 1 அங்குலம் வெச்சா வண்டி கிட்டத்தட்ட 2 அங்குலம் உயரும். ஸ்ட்ரட் பிடிச்சிருக்கிறது லோயர் ஆர்மோட நடுவுல, சக்கரம் அதோட நுனியில. நாம ஸ்கூல்ல படிச்ச அதே நெம்புகோல்தான்! ஆனா பால் ஜாயின்ட், சிவி ஜாயின்ட் கோணமும் கூடவே மாறும். அலைன்மென்ட் பார்க்கலன்னா டயர் ஒருபக்கமா தேயும், ஹெட்லைட் எதிர்ல வர்றவங்க கண்ணுல அடிக்கும்.

இதோட உச்சம் 'கரோலினா ஸ்குவாட்'. முன்னாடி ஏத்தி, பின்னாடி இறக்கிடுவாங்க. பானெட்டுக்கு முன்னாடி ஒரு குழந்தை நின்னாலும் ஓட்டுறவருக்குத் தெரியாது. முன் ஃபெண்டர் பின்னதைவிட 4 அங்குலமோ அதுக்கு மேலயோ உயர்ந்திருந்தா குற்றம்னு 2021-ல வட கரோலினா சட்டமே போட்டுச்சு. சரியான சட்டம். என் வண்டி, என் இஷ்டம்ங்கிற பேச்சு ரோட்டுல செல்லாது.

2 அங்குலம் ஏத்துறவங்க ஏத்திக்கட்டும். அலைன்மென்ட்டுக்கும் சேர்த்துக் காசு எடுத்து வெச்சுட்டு.