'ஹஸ்பண்ட்' என்றால் எஜமானா?

'ஹஸ்பண்ட்' என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். அதை ஜப்பானிய மொழியில் எழுத வேண்டிய எனக்கு முன்னால் குறைந்தது மூன்று சொற்கள். 'ஒட்டோ' என்றால் கணவன். சட்டம் பயன்படுத்தும் சொல். 'தன்னா' நமக்குத் தூரத்து உறவு: 'தானம்' என்ற வடசொல் பௌத்தத்தோடு பயணப்பட்டு, கொடுப்பவன், புரவலன், கடைசியில் புருஷன் என்று ஆகிவிட்டது. மூன்றாவது 'ஷுஜின்'. நேர்ப்பொருள், எஜமான்.

நான் 'ஒட்டோ' என்று எழுதினால் பதிப்பாசிரியர் 'ஷுஜின்' என்று திருத்துகிறார். அதுதான் இயல்பாம். கணவனின் அடி தாங்காமல் வீட்டைவிட்டு வெளியேறிய ஒரு பெண்ணின் பேட்டியிலும் அதே திருத்தம். தப்பித்து வந்தவளின் வாயாலேயே அவனை எஜமான் என்று சொல்லவைப்பது யாருக்கு இயல்பு?

அந்தப் பொருள் எப்போதோ செத்துவிட்டது, யாரும் அப்படி நினைத்துச் சொல்வதில்லை என்பார்கள். கடை முதலாளி இன்றும் ஷுஜின்தான். நாயை வளர்ப்பவரும் அதற்கு ஷுஜின். பணிப்பெண் வேடமிட்டுப் பரிமாறும் டோக்கியோ காபிக் கடைகளில், ஆண் வாடிக்கையாளரை வரவேற்கும் சொல்லும் இதுவே. இத்தனை இடத்தில் உயிரோடு இருப்பது கல்யாணத்துக்குள் மட்டும் செத்துவிட்டதா? மனைவியை ஏன் ஒருவரும் ஷுஜின் என்பதில்லை? அவளுக்குக் கிடைத்தது 'கனாய்', வீட்டுக்குள் இருப்பவள்.

பாரம்பரியம் என்ற வாதமும் நிற்காது. பழைய ஜப்பானியக் கவிதைகளில் 'த்சுமா' என்ற ஒரே சொல் கணவன், மனைவி இருவரையும் குறித்தது. வீட்டுத் தலைவனின் சம்மதமில்லாமல் கல்யாணம்கூட முடியாது என்று வைத்தது 1898-இல் அமலான குடிமைச் சட்டம். 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, 24-ஆம் பிரிவில், கணவனுக்கும் மனைவிக்கும் சம உரிமை என்றது. அதற்கான வரைவை எழுதியவர் பெயாட்டே சிரோட்டா என்ற 22 வயதுப் பெண். சட்டம் வெளியே அனுப்பிய எஜமானை நாங்கள் பக்கத்துக்குப் பக்கம் உள்ளே அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு சிக்கல் உண்மையானது. தன் கணவனை 'ஒட்டோ' எனலாம். எதிரில் இருப்பவளின் கணவரை வெறுமனே அப்படிச் சொன்னால் மரியாதைக் குறைவு. மரியாதைக்கு வழக்கத்தில் இருப்பதோ 'கோஷுஜின்', அதாவது 'உங்கள் எஜமானர்'. 'ஒட்டோ-ஸன்' என்று சிலர் சொல்லிப் பார்க்கிறார்கள். காதுக்கு ஒட்டவில்லை என்று முகம் சுளிக்கிறார்கள். புத்தகக் கடைக்கே 'ஸன்' போட்டு மரியாதை கொடுக்கும் மொழி அது. கணவனுக்குப் போட்டால் மட்டும் காது வலிக்கிறதாம்!

அடுத்த கையெழுத்துப் பிரதியில் பிறர் கணவருக்கெல்லாம் 'ஒட்டோ-ஸன்' என்றே எழுதியிருக்கிறேன். சிவப்பு மை வந்தால் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்புவேன்: இந்தப் பெண்ணை எந்த வரியில் யாருக்கு வேலைக்காரி என்று மூலம் சொல்கிறது?