கார் வெள்ளோட்டம்: சாவியைக் கொடுக்கும் முன்பு யோசிக்க வேண்டும்!

மல்லசமுத்திரத்தில் ஒரு குடும்பம் பழைய காரை விற்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

பருத்தி விற்ற பணம், தறி ஓட்டிய கூலி, சீட்டு எடுத்த தொகை எல்லாம் சேர்த்து வாங்கிய கார் அது. இப்போது மகளின் கல்லூரிச் செலவுக்குப் பணம் வேண்டும். கார் விலைக்கு வருகிறது.

முன்பெல்லாம் தரகர் ஆள் கூட்டி வருவார். வாங்குகிறவர் பக்கத்து ஊர்க்காரராக இருப்பார். "இன்னாருடைய மச்சினன்" என்று சொன்னால் போதும். ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இன்று அப்படி இல்லை. செல்போனில் படம் எடுத்து விளம்பரம் போடுகிறார்கள். அன்று மாலையே எங்கிருந்தோ போன் வருகிறது.

"கார் இருக்குதுங்களா? வந்து ஓட்டிப் பார்க்கலாமுங்களா?"

மறுநாள், முன்பின் தெரியாத இருவர் வாசலில் வந்து நிற்கிறார்கள். சாவியைக் கேட்கிறார்கள்.

கொடுப்பதா, வேண்டாமா?

மாடும் காரும்

ஓட்டிப் பார்க்காமல் யாரும் கார் வாங்க மாட்டார்கள். அது நியாயமே.

சந்தையில் மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். சுழி பார்ப்பார். நடக்க விட்டுப் பார்ப்பார். காருக்கு அந்தச் சோதனைதான் வெள்ளோட்டம்.

ஆனால் இரண்டு வித்தியாசங்கள் உண்டு.

மாட்டை ஒருவன் ஓட்டிக்கொண்டு ஓடினால் ஊரே துரத்திப் பிடித்துவிடும். காரைப் பிடிக்க முடியாது. மல்லசமுத்திரத்தில் புறப்படும் கார் அரை மணி நேரத்தில் சேலம்-கொச்சி நெடுஞ்சாலையை எட்டிவிடும். பிறகு அது கிழக்கே போயிற்றா, மேற்கே போயிற்றா என்று யாருக்குத் தெரியும்?

மற்றொன்று, ஆர்.சி. புத்தகம். மாட்டுக்கு அது கிடையாது. காருக்கு உண்டு. அதில் யார் பெயர் இருக்கிறதோ, அவர் தலையில்தான் பொறுப்பு விழும்.

சட்டம் என்ன சொல்கிறது?

லைசென்சு இல்லாதவரை வண்டி ஓட்ட விடக்கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். விட்டால், ஓட்டியவருக்கு மட்டும் அல்ல, சொந்தக்காரருக்கும் தண்டனை உண்டு. 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"விற்பதற்காகத்தானே கொடுத்தேன்!" என்று சொல்லித் தப்ப முடியாது.

வெள்ளோட்டத்தின்போது கார் யார் மீதாவது மோதிவிட்டால்?

இதற்கு 2004-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு வழி காட்டியது. ஓட்டியவருக்கு லைசென்சு இல்லாவிட்டாலும், அடிபட்டவருக்கு இன்சூரன்சு கம்பெனி பணம் கொடுக்க வேண்டும். ஆனால் சொந்தக்காரர் அக்கறை இல்லாமல் வண்டியைக் கொடுத்தார் என்று கம்பெனி நிரூபித்தால், அந்தப் பணத்தை அவரிடமே வசூலித்துக்கொள்ளலாம்.

ஆகவே கேள்வி இதுதான்: சாவியைக் கொடுக்கும் முன்பு லைசென்சைப் பார்த்தாரா? பார்த்தவருக்குப் பாதுகாப்பு உண்டு. பார்க்காதவர் வீட்டையும் காட்டையும் விற்க நேரலாம்.

விற்ற பிறகும் விடவில்லை!

2018-ம் ஆண்டு பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டுக்கு மற்றொரு வழக்கு வந்தது.

ஒருவர் 2007-ம் ஆண்டில் தமது காரை விற்றுவிட்டார். அது பிறகு பல பேர் கைக்கு மாறியது. ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறவில்லை. 2009-ம் ஆண்டில் அந்தக் காரைப் பின்னால் எடுத்தபோது விபத்து நடந்தது. ஓர் உயிர் போயிற்று.

நஷ்டஈட்டுக்கு யார் பொறுப்பு? முதலில் விற்றவர்தான் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ, அவரே சொந்தக்காரர்.

பணம் வாங்கிக் காரை ஒப்படைத்தவருக்கே இந்தக் கதி. வெள்ளோட்டத்தின்போது கார் இன்னும் விற்கப்படவே இல்லை. அப்போது பொறுப்பு யாருடையது என்று சொல்ல வேண்டியதே இல்லை.

கனடாவில் நடந்தது

கூடவே போனால் ஆபத்து இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். அதுவும் முழு உண்மை அல்ல.

2013-ம் ஆண்டு மே 6-ந் தேதி கனடா நாட்டில் ஒரு சம்பவம் நடந்தது. ஹாமில்டன் நகரப் பகுதியில் வசித்த 32 வயது இளைஞர், தமது வண்டியை விற்க இணையத்தில் விளம்பரம் செய்திருந்தார். இரவில் இருவர் வந்தனர். அவர்களுடன் அவர் தனியே வெள்ளோட்டம் போனார்.

வீடு திரும்பவில்லை.

அவர் கொல்லப்பட்டார் என்பது சில நாட்களில் தெரிந்தது. 2016-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்த இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

இப்படி எங்கும் தினமும் நடப்பதில்லை. கார் வாங்க வருகிறவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களே. ஆனால் இருட்டிய பிறகு, தனியாக, தெரியாதவருடன் போகக்கூடாது என்பதற்கு இந்த ஒரு சம்பவம் போதும்.

வியாபாரிக்கு ஒரு விதி, வீட்டுக்கு?

பழைய கார் வியாபாரத்துக்கு மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் புதிய விதிகளை வெளியிட்டது. 2023 ஏப்ரல் 1-ந் தேதி அவை அமலுக்கு வந்தன.

அனுமதி பெற்ற வியாபாரியிடம் காரை ஒப்படைத்து, அதை முறைப்படி பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டால், பிறகு அந்தக் காருக்கு வியாபாரியே பொறுப்பு. கார் வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் அவர் கணக்கு எழுத வேண்டும். எதற்காகப் போயிற்று, யார் ஓட்டினார், எப்போது, எத்தனை கிலோமீட்டர் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

வீட்டிலிருந்து நேராக விற்பவருக்கு இந்த விதி இல்லை. கணக்குக் கேட்க யாரும் இல்லை. ஆனால் பொறுப்பு மட்டும் அவருடையதே!

ஆகவே வியாபாரி எழுதும் அந்தக் கணக்கை வீட்டிலும் எழுதுவதே புத்திசாலித்தனம். ஒரு 40 பக்க நோட்டுப் போதும்.

என்ன செய்ய வேண்டும்?

பகலில் மட்டும் வரச் சொல்ல வேண்டும். வீட்டில் துணைக்கு ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

வந்தவரின் அசல் லைசென்சைப் பார்க்க வேண்டும். படத்தையும் முகத்தையும் ஒப்பிட வேண்டும். லைசென்சு எண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்தால், சர்க்காரின் பரிவாகன் இணையதளத்தில் அது உண்மையா, இன்னும் செல்லுமா என்று தெரிந்துவிடும். பெயர், எண், நேரம், கிலோமீட்டர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். லைசென்சைப் படம் பிடித்து வீட்டில் ஒருவருக்கு அனுப்ப வேண்டும்.

காருக்கு இன்சூரன்சு நடப்பில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேதி முடிந்திருந்தால் தெருவில் இறக்கவே கூடாது.

போகும் பாதையைச் சொந்தக்காரரே தீர்மானிக்க வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள சாலை நல்லது. முதலில் சொந்தக்காரர் ஓட்டலாம். பாதி வழியில் வந்தவரிடம் கொடுக்கலாம்.

இடம் மாறி உட்காரும் நேரம்தான் முக்கியமான நேரம். என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். சாவியை விட்டு இறங்கினால், மறுபக்கம் வருவதற்குள் கார் பறந்துவிடும். சாவியைத் தாமே விட்டுவிட்டு வந்தவரை இன்சூரன்சு கம்பெனியும் பல கேள்விகள் கேட்கும்.

தம்பியோ நண்பரோ காரில் கூட வருவது நல்லது. அசல் ஆர்.சி. புத்தகமும் இரண்டாவது சாவியும் வீட்டுப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வந்தவர் மனம் கோணாதா?

"இவ்வளவு கேட்டால் அவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரே!" என்று சிலர் தயங்கலாம்.

போனில் பேசும்போதே, "லைசென்சு கொண்டு வாங்க, நானும் கூட வருவேனுங்க" என்று சொல்லிவிட்டால் கோபத்துக்கு இடமே இல்லை. நாணயமானவர் இதை மதிப்பார். இன்சூரன்சு இல்லாத காரை ஓட்டினால் ஓட்டுகிறவர் மீதும் வழக்கு வரும். ஆகையால் அவரும் காகிதங்களைக் கேட்டுப் பார்ப்பார். கேள்வி கேட்டதும் நழுவுகிறவர் போவதே நல்லது.

விலை பேசி முடிந்ததும் வேலை தீரவில்லை. காரை விற்ற செய்தியை 29-ம் எண் படிவத்தில் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறிவிட்டதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருச்செங்கோட்டுச் சீமையிலிருந்து ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போகின்றன. லைசென்சைப் பார்க்காமல் எந்த முதலாளியாவது டிரைவரிடம் சாவியைக் கொடுப்பாரா?

வீட்டுக் காருக்கும் அந்தக் கவனம் வேண்டும். வந்தவர் கையில் கொடுப்பது சாவி மட்டும் அல்ல. ஒரு குடும்பத்தின் சேமிப்பும், அந்தக் குடும்பத்தின் பெயரும்கூட!