எதிரணியின் வாயில் ஓர் உண்மை



மலையில் மூடுபனி இறங்கிய பின் கால்பந்து ஆடுவது விந்தையான அனுபவம். பந்தை உதைத்தவனுக்கு அது எங்கே போயிற்று என்று தெரியாது. கோல் காப்பவனுக்கு அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. பழனி மலைத்தொடரின் மேற்பகுதியில், பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு நிலங்களுக்கு நடுவே, எங்கள் பங்கு இளைஞர்கள் இப்படித்தான் ஆடிப் பழகியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் பங்குத் திருவிழாவை ஒட்டிக் கால்பந்துப் போட்டி நடைபெறும். அதில் எங்கள் அணிக்கும் பக்கத்து ஊர் அணிக்கும் நடப்பதுதான் ஆட்டம். மற்றவையெல்லாம் அதற்கு முன்னுரை.

இவ்வாண்டுத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கையில், ஞாயிறு பூசை முடிந்ததும், எங்கள் அணியினர் ஏழெட்டுப் பேர் பங்கு இல்லத்துத் திண்ணையில் வந்து நின்றனர். "சாமி, பக்கத்து ஊர் அணியை இந்த முறை போட்டியில் சேர்க்கக் கூடாது" என்றான் ஒருவன். காரணம் கேட்டேன். சமவெளியிலிருந்து வந்து அவ்வூரில் பெரிய தங்கும் விடுதி நடத்தும் செல்வர் ஒருவர் அந்த அணியைத் தத்தெடுத்துக் கொண்டாராம். எல்லாருக்கும் புதிய பூட்ஸ், புதிய சட்டை, சட்டையின் மார்பில் விடுதியின் பெயர். போதாததற்கு மதுரையிலிருந்து வாரந்தோறும் வந்துபோகும் பயிற்சியாளர் ஒருவர்.

"அவர்கள் காசுக்கு விலைபோய்விட்டார்கள், சாமி. அது இப்போது ஊர் அணி அல்ல, விடுதி அணி" என்றான் இரண்டாமவன். மூன்றாமவன் சற்றுத் தயங்கிச் சொன்னான்: "அந்த விடுதிக்காரர் ஓடையை மறித்துக் குட்டை கட்டியிருக்கிறார், சாமி. கீழே உள்ள தோட்டங்களுக்குத் தண்ணீர் வருவதில்லை. அதைப் பற்றி அந்த ஊரில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பூட்ஸ் கிடைத்துவிட்டதே!"

முதல் இருவரின் பேச்சில் பொறாமை வெளிப்படையாகத் தெரிந்தது. மூன்றாமவன் சொன்னதோ உண்மை. வறண்ட ஓடையை நானே கண்டிருக்கிறேன். ஆனால் மூன்றும் ஒரே மூச்சில் வந்தன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இப்பிள்ளைகள் இரவு கண்விழித்து இங்கிலாந்து நாட்டு ஆட்டங்களைக் கைப்பேசியில் பார்க்கிறவர்கள். ஆகவே அந்நாட்டுக் கதையையே எடுத்துப் பேசத் தொடங்கினேன்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிளாக்பர்ன், பர்ன்லி என்று அருகருகே இரண்டு பஞ்சாலைப் பட்டணங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் நம் நாட்டுச் சந்தைகளை நிரப்பிய ஆலைத்துணி இந்த வட்டாரத்தில் நெய்யப்பட்டதுதான். 1931ஆம் ஆண்டில் காந்தியடிகள் பிளாக்பர்னை அடுத்த டார்வெனுக்குச் சென்று, வேலையிழந்து நின்ற ஆலைத் தொழிலாளரைச் சந்தித்தார். 1888இல் அந்நாட்டின் கால்பந்து லீக் தொடங்கியபோது அதில் சேர்ந்த 12 கழகங்களுள் இவ்விரு ஊர்க் கழகங்களும் உண்டு. அன்று முதல் இன்றுவரை ஓரூராரின் தோல்வி மற்றோரூராருக்குத் திருவிழா.

பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தை ஜாக் வாக்கர் என்ற உள்ளூர் எஃகு வணிகர் தம் செல்வத்தால் உயர்த்தினார். 1995இல் அது நாட்டின் முதன்மைப் பட்டத்தையே வென்றது. அவர் 2000ஆம் ஆண்டில் காலமானார். 2010 நவம்பரில் அக்கழகத்தை வாங்கியவர்கள் யார் தெரியுமா? நம் நாட்டவரே! புனே நகரத்துக் கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ், ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு அதை வாங்கியது. சில வாரங்களில் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். 2012 மே மாதத்தில் கழகம் முதல் பிரிவிலிருந்து இறங்கிற்று. அன்றைய ஆட்டத்தின்போது கோபம் கொண்ட ரசிகர்கள் கழகக் கொடியைப் போர்த்தி ஒரு கோழியையே திடலுக்குள் விட்டார்கள். 2017இல் மூன்றாம் பிரிவுக்கே இறங்கி, மறு ஆண்டு இரண்டாம் பிரிவுக்கு ஏறிற்று. கழகத்தின் இழப்பை ஈடுகட்ட உரிமையாளர்கள் பெருந்தொகை கொடுத்துவந்ததையும் மறைக்கலாகாது. ஆயினும் பணம் வருகிறது, உரிமையாளர் வருவதில்லை என்பதே அவ்வூராரின் குறை.

பர்ன்லி ரசிகர்களுக்கோ ஒரே கொண்டாட்டம். அயலார் கையில் ஊரின் சொத்தைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று நகைத்தார்கள். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களுடைய கழகமே அமெரிக்க முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. வாங்கிய விலையில் ஒரு பங்கு கடனாய்ப் பெறப்பட்டு, அக்கடன் கழகத்தின் தலையிலேயே ஏறிற்று. 2022இல் பர்ன்லியும் முதல் பிரிவிலிருந்து இறங்கிற்று. இப்போது நகைக்கும் முறை பிளாக்பர்ன்காரர்களுடையது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் பெண்கள் சொல்வது கடல் கடந்தும் செல்லும்.

"அப்படியானால் எதிரணி சொல்வதெல்லாம் பொறாமைதானா, சாமி?" என்று கேட்டான் மூன்றாமவன். நல்ல கேள்வி. அதற்கு வேறொரு நிகழ்ச்சியைச் சொன்னேன்.

2021 அக்டோபர் 7ஆம் நாள் நியூகாசில் யுனைடெட் கழகத்தைச் சவூதி அரேபிய அரசின் முதலீட்டு நிதியம் தலைமையேற்ற குழு வாங்கிற்று. நிதியத்தின் பங்கு நூற்றுக்கு எண்பது. ஆண்டுக்கணக்காய்க் கோப்பை காணாத அவ்வூரார் வீதியில் ஆடிப் பாடினார்கள். அதே மாதத்தில் லண்டனில் கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்கள், அந்நாட்டு ஆட்சியின் மீது சொல்லப்படும் மனித உரிமைக் குற்றச்சாட்டுகளைப் பட்டியலிட்டுப் பெரிய பதாகை ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்கள். 2018இல் இஸ்தான்புல் நகரத்துச் சவூதித் துணைத் தூதரகத்தில் எழுத்தாளர் ஜமால் கஷோகி கொல்லப்பட்டதை உலகம் மறக்கவில்லை. பதாகை பிடித்தவர்களுடைய கழகத்திலும் அமெரிக்கப் பணம் இருந்தது என்பது உண்மை. நியூகாசிலுக்கு வந்த செல்வத்தைக் கண்டு சிலருக்கு வயிறு எரிந்திருக்கவும் கூடும். ஆனால் எரிகிற வயிற்றிலிருந்து வந்ததால் அவர்கள் எழுதியது பொய்யாகிவிடுமா? நியூகாசில் ரசிகர்களிலேயே ஒரு சிறு குழுவினர் அதே உண்மையைச் சொல்லத் துணிந்தார்கள். 2025 மார்ச்சில் அக்கழகம் லீக் கோப்பையை வென்றது; 1955க்குப் பின் உள்நாட்டில் அவர்கள் பெற்ற முதற்பெருங்கோப்பை அது. அவர்கள் மகிழ்ந்ததில் குற்றமில்லை. கோப்பையைக் கையில் பிடித்தவர் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்பதற்கு எதிரணியாவது இருக்கிறதே என்பதில்தான் நமக்குப் பாடம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நன்றாகப் பேசினோம் என்ற நிறைவோடு நிமிர்ந்தேன். அப்போது படியில் உட்கார்ந்திருந்த எங்கள் வயதான உபதேசியார் தலை தூக்காமலே கேட்டார்: "சாமி, நம்முடைய மன்றத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தது யார்?"

திண்ணையில் ஓசையே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மழையில் ஒழுகிய எங்கள் மன்றத்துக்குப் புதுக்கூரை தந்தவர் அதே விடுதிக்காரர்தாம். பூசைக்குப் பின் அவருக்குப் பொன்னாடை போர்த்தியவன் நான்தான். ஓடையின் குறுக்கே சுவர் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. அதை நானும் பார்த்தேன்; ஆனால் ஒரு சொல் கேட்கவில்லை. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய செல்வனின் கதையை நாத்தான் இறைவாக்கினர் சொல்லக் கேட்டுத் தாவீது அரசர் சீறினார் அல்லவா? சீறிய பிறகுதான் அது தம் கதையே என்று அவருக்கு விளங்கிற்று. அன்று எங்கள் திண்ணையில் நாத்தானாய் வந்தவர் உபதேசியார்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பிள்ளைகளிடம் சொன்னேன்: "பூட்ஸ் வாங்கியவர்கள் வாய் மூடினார்கள் என்று சொன்னீர்கள். கூரை வாங்கிய நானும் வாய் மூடினேன். இனி அவர்களை விலக்கும் பேச்சு வேண்டாம். நாம் அவர்களோடு சேர்ந்து போவோம்."

சேர்ந்து போவதன் வலிமையையும் அந்த இங்கிலாந்தே காட்டியிருக்கிறது. 2021 ஏப்ரல் 18ஆம் நாள் ஐரோப்பாவின் 12 பெருங்கழகங்கள் தங்களுக்கென்று தனி லீக் அமைக்கப்போவதாய் அறிவித்தன. ஆண்டாண்டாய் ஒருவரையொருவர் ஏசிவந்த ரசிகர்கள் ஒரே குரலாய் எதிர்த்தார்கள். அவற்றுள் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் இரண்டே நாட்களில் பின்வாங்கின. ரசிகர்களின் கேள்விகள் அத்தோடு நிற்கவில்லை. கழகங்களை வாங்க வருவோரின் தகுதியை ஆராயும் தனி ஒழுங்காணையத்தை அமைக்க 2025இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்றிற்று.

அன்று மாலையே பக்கத்து ஊருக்கு நடந்தோம். அவ்வணியின் தலைவனாகிய இளைஞன் எங்களைக் கண்டதும் சண்டைக்கு வந்திருக்கிறோம் என்றே எண்ணினான். செய்தியைக் கேட்டபின் தரையைப் பார்த்துக்கொண்டு, "எங்களுக்கும் தெரியும், சாமி. எங்கள் தோட்டமும் காய்கிறது. ஆனால் வாங்கின கையை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?" என்றான். "நானும் வாங்கியவன்தான். சேர்ந்தே கேட்போம்" என்றேன்.

இரண்டு அணியிலிருந்தும் நந்நான்கு பேரும் நானுமாய் விடுதிக்குப் போனோம். மேலாளர் தேநீர் கொடுத்தார். உரிமையாளர் ஊரில் இல்லை. கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். கூரைக்கும் பூட்ஸுக்கும் நன்றி சொல்லி, அந்நன்றி குறையாமலே ஓடையைக் கேட்டோம். பத்து நாள் கழித்து அவரே தொலைபேசியில் பேசினார். முதலில் குரலில் சற்று வருத்தம் இருந்தது. பிறகு, குட்டையின் அடியில் ஒரு மதகு வைத்துத் தண்ணீர் விடுவதாகச் சொன்னார். மதகும் வைத்துவிட்டார். அந்தத் தண்ணீர் போதுமா என்பது கோடையில்தான் தெரியும்.

எங்கள் பங்குப் பேரவையிலும் ஒரு முடிவு செய்திருக்கிறோம். இனி எவர் எதைக் கொடுத்தாலும், கொடுக்கிறவர் யார், எதை எதிர்பார்த்துக் கொடுக்கிறார் என்பதைப் பேரவையில் கேட்டுப் பேசிய பின்னரே பெற்றுக்கொள்வோம். அன்பர்களே, உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பாருங்கள். அடுத்த வீட்டுக்கு வந்த செல்வத்தைப் பற்றி நாம் கேட்கும் கேள்விகளை, நம் வீட்டுக்கு வரும் செல்வத்திடமும் அப்படியே கேட்போம். கேட்க மனம் வரவில்லையென்றால், முன்பு கேட்டதில் பாதிக்கு மேல் பொறாமை என்று அறிந்துகொள்வோம்.

திருவிழா ஆட்டம் பனிமூட்டத்தில் நடந்தது. இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். "எல்லாம் பூட்ஸ் செய்த வேலை, சாமி" என்று எங்கள் பிள்ளைகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோடையில் ஓடையைப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன்.

உங்கள் பங்குத்தந்தை