சவுக்குக்கு முன் சேணத்தைப் பாருங்கள்

சேணமேற்றியதும் நகர மறுக்கும் குதிரையையும், ஆள் ஏறியதும் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் குதிரையையும், வார்ப்பட்டையை இறுக்கும்போது கடிக்கத் திரும்பும் குதிரையையும் சண்டி என்ற ஒரே வசையில் அடக்கிவிட்டு உடனே சவுக்கைத் தேடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்துவருகிறது. அது அநீதி, அதனால் பயனும் இல்லை என்பதே என் திடமான அபிப்பிராயம்.

சிறுசேரியின் கணினி நிறுவனங்களில் வாரமெல்லாம் உழைக்கும் இளைஞர்கள் விடுமுறை நாளில் குதிரையேற்றம் பயில விரும்புவதும், மாமல்லபுரம் கடற்கரைக்கு வரும் பெற்றோர் தம் குழந்தைகளைக் குதிரைமீது ஏற்றி மகிழ்வதும் நல்ல காரியங்களே. ஆயினும், ஏறுகிறவர் முதலில் அறியவேண்டியது, குதிரையின் பிடிவாதத்துக்கு வேதனையே பலசமயம் மூலகாரணம் என்பதாகும். குதிரையின் பற்கள் ஆண்டுகள் பலவாக ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருப்பவை. மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களின் வெளியோரம் கூர்மையாகிக் கன்னத்தின் உட்புறத்தைக் கிழித்துவிடும். அரத்தால் ராவிச் சமன்செய்யப்படாத அந்த வாயில் கடிவாளத்தை மாட்டி இழுத்தால், அப்பிராணி தலையை உதறாமல் வேறென்ன செய்யும்? முதுகெலும்பின்மேல் நேராக அழுந்தும் சேணமும், வியர்வையும் மணலும் ஏறி முரடாகிப்போன சேணத்துணியும், காலம் கடந்தும் மாற்றப்படாத லாடமும் இவ்வாறே துர்க்குணத்தை உண்டாக்குபவை.

2018இல் ஆங்கிலக் குதிரை வைத்தியர் ஸூ டைசனும் அவருடைய சகாக்களும், சவாரியின்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைத் தொகுத்து, அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தென்படுமாயின் எலும்பிலோ தசையிலோ வலி இருக்கக்கூடும் என்று எடுத்துக்காட்டினர். பின்னுக்கு மடங்கிய காதுகள், திறந்த வாய், ஓயாது வீசும் வால், தானாகவே நின்றுவிடுதல், முன்னங்கால் தூக்குதல் என நாம் சண்டித்தனமாக எண்ணுபவை அப்பட்டியலில் இருக்கின்றன.

வலியில்லை என்று வைத்தியர் உறுதிசெய்த பிறகே திருத்தம் என்ற பேச்சுக்கு இடமுண்டு. அப்போதும் பழைய பழக்கத்தை நினைவில் வைக்கவேண்டும். பந்தயத்தில் ஓடி ஓய்ந்து சவாரிப் பள்ளிக்கு வந்த குதிரை, லகான் இறுகினால் அதன்மேல் சாய்ந்து வேகமெடுக்கவே பழகியிருக்கும், ஆகையால் நிறுத்துவதற்காக இழுக்க இழுக்க அது ஓடுவதைக் கீழ்ப்படியாமை என்பது தகாது. நகர மறுக்கும் குதிரையைக் குதிகாலால் ஓயாது உதைப்பதனால் அதன் விலா மரத்துப்போகும். ஒருமுறை காலால் இலேசாக அழுத்திக் கேட்டு, கேளாவிடில் லகானை ஒருபுறமாக விலக்கித் தலையைத் திருப்பி, அது ஓரடி பெயர்த்த அந்தக் கணமே கையையும் காலையும் தளர்த்திவிட வேண்டும். அழுத்தம் நீங்கும் அக்கணத்தில்தான் குதிரை கற்கிறது. அச்சத்தால் ஆள் இறங்கிவிடுவதும் அதற்கு ஒரு பாடமாகிவிடும், அடம்பிடித்தால் வேலை முடிந்தது என்ற பாடம். முன்னங்கால் தூக்கிய குதிரையின் லகானைப் பற்றியிழுப்பதோ உயிருக்கே ஆபத்து. குதிரையும் ஆளும் சேர்ந்து மல்லாக்க விழ நேரும்.

கோபத்தோடு குதிரையை அணுகலாகாது என்று கிரேக்கரான ஸெனோபன் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். நம் நாட்டிலோ, பாண்டியருக்காக அராபியக் கரையிலிருந்து பெரும்பொருள் கொடுத்துத் தருவிக்கப்பட்ட குதிரைகள் பராமரிக்கும் முறை தெரியாதவர்களின் கையில் மடிந்துபோயின என்று பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்டார். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரசுவதி மகால் நூலகம் சித்திரங்களோடு 1952இல் பதிப்பித்திருக்கிறது. சாஸ்திரம் உள்ள தேசத்தில் குதிரைக்காரருக்குக் கற்பிப்பார் இல்லை.

முள்வைத்த கடிவாளத்தையும் காயப்படுத்தும் கருவிகளையும் 1965ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்பு விதிகள் தடைசெய்துள்ளன. தடை மட்டும் போதாது. நாளின் வருமானத்தை ஒரே குதிரையிடம் எதிர்பார்க்கும் ஏழைக் குதிரைக்காரருக்குப் பல் ராவுவதற்கும் நல்ல சேணத்துக்கும் பணம் எங்கிருந்து வரும்? செங்கற்பட்டு மாவட்டத்தின் கால்நடைப் பராமரிப்புத் துறை, வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் துணையோடு, மாமல்லபுரத்திலேயே குதிரைகளுக்கென முகாம் நடத்தி, வாயையும் முதுகையும் குளம்பையும் இலவசமாகச் சோதித்து, பொருந்தாத சேணங்களை மாற்றித் தர முன்வரவேண்டும். முதுகில் புண்ணுள்ள குதிரைக்கு அது ஆறும்வரை சவாரியினின்று ஓய்வும், அந்நாட்களுக்கு உரிமையாளருக்கு உதவித்தொகையும் அளிக்கவேண்டும்.