திறன் குறைவா, பேரம் பேசும் பலம் குறைவா?
காஞ்சிபுரம் நெசவாளியின் குறைந்த கூலிக்கு அவருடைய உற்பத்தித்திறனே காரணம் என்ற வாதம் தவறு. ரூபாயில் அளக்கும் திறன் வேலையின் தரத்தைக் காட்டாது. சேலை விலையில் யாருக்கு எவ்வளவு என்ற பேரத்தையே காட்டும். சேலையின் உடலோடு கரையைக் கோத்து நெய்யும் கோர்வைக் கரை போடத் தறியில் இருவர் வேண்டும். ஆனால் கூலி சேலைக் கணக்கில், பெரும்பாலும் ஒருவர் பெயரில்தான் வருகிறது. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பில், நாட்டின் நெசவுக் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஆரணிப் பட்டு நெசவை ஆராய்ந்த பொருளியலாளர் பார்பரா ஹாரிஸ்-வைட், சாதியையும் பாலினத்தையும் சந்தைக்கு வெளியே நிறுத்தவில்லை. அதுவே சரியான பார்வை.

முதலாளி தரும் முன்பணம் உதவிதானே என்பார்கள். கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் அது உதவுவது உண்மை. ஆனால் கடன் தீராமல் வேறு முதலாளியிடம் பாவு (தறியில் ஏற்றும் நீள நூல்) வாங்க முடியாதவர், கூலியை எப்படிப் பேசுவார்? கூட்டுறவுச் சங்கக் கடனும் மருத்துவக் காப்பீடும் அவரை எட்டினால்தான் அந்தப் பேச்சே தொடங்கும்.